காற்றைப் பிரிக்கும் கரி: நிலக்கரியிலிருந்து மூலக்கூறு சல்லடை செய்வது எப்படி?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள பெரிய லேசர் கட்டிங் ஷாப்புகள் சிலவற்றில், கம்ப்ரஸர் ரூமை ஒட்டி இரண்டு இரும்பு டவர்கள் நிற்பதைப் பார்க்கலாம். நிமிஷத்துக்கு ஒரு தடவை 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு டவர் உள்ளே இருந்த காற்றை வெளியே தள்ளும், அதே நேரம் பக்கத்து டவர் வேலையை எடுத்துக்கொள்ளும். அங்கே வேலை பார்க்கும் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பையன்களைக் கேட்டால் "நைட்ரஜன் பிளான்ட் சார்" என்பார்கள். உள்ளே போவது நாம் சுவாசிக்கிற அதே காற்று. வெளியே வருவது 99.99 சதவீத நைட்ரஜன். நடுவில் இருப்பது கரி.

எஸ்.எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டை லேசரால் வெட்டும்போது உருகிய உலோகத்தை ஊதித் தள்ள ஒரு வாயு வேண்டும். ஆக்ஸிஜன் கலந்த காற்றால் ஊதினால் வெட்டின ஓரம் கருத்துப்போகும், அப்புறம் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்ய ஒரு ஆள் தேவை. நைட்ரஜனால் ஊதினால் ஓரம் பளபளவென்று வரும். வெல்டிங்குக்கு நேராக அனுப்பலாம். அதனால்தான் சிலிண்டருக்குக் காத்திருக்காமல் சொந்தமாக நைட்ரஜன் எடுத்துக்கொள்ளும் ஷாப்புகள் பெருகியிருக்கின்றன. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் அடைப்பதும், மருந்து கம்பெனிகள் தொட்டிகளில் நிரப்புவதும், எலெக்ட்ரானிக்ஸ் போர்டுகளுக்கு ஈயம் வைக்கும் அடுப்பில் ஓடுவதும் நைட்ரஜன்தான்.

அந்த டவருக்குள் இருக்கும் கரிக்குத் தொழிலில் 'கார்பன் மாலிக்யூலர் சீவ்' என்று பெயர், சுருக்கமாக சிஎம்எஸ். தமிழில் கார்பன் மூலக்கூறு சல்லடை. இதை நிலக்கரியிலிருந்து செய்யலாம், செய்தும் வருகிறார்கள். அடுப்பில் எரிக்கிற அதே நிலக்கரிக்கு, ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் பிரித்துப் பார்க்கும் திறமை எப்படி வருகிறது என்பதைப் பள்ளிக்கூட வேதியியல் மறந்தவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

துளை என்று எதைச் சொல்கிறோம்

கரிக்குள் துளை இருக்கிறது என்றால் கண்ணுக்குத் தெரியும் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். இங்கே அளவு நானோமீட்டரில். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். வேதியியலாளர்கள் துளைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். 50 நானோமீட்டருக்கு மேல் அகலமானவை பெருந்துளைகள், 2 முதல் 50 வரை இடைத்துளைகள், 2-க்குக் கீழே நுண்துளைகள். நம் கதை நடப்பது நுண்துளைகளிலும் கடைசிப் படியில், 0.3 முதல் 0.5 நானோமீட்டர் வரையுள்ள இடத்தில். கிராஃபைட்டில் இரண்டு கார்பன் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் தூரமே 0.335 நானோமீட்டர்தான். அதாவது ஒரு மூலக்கூறு நுழைந்தால் உடம்பு சுவரில் உரசும் அளவுக்கு நெருக்கமான இடம் இது.

வீட்டு வாட்டர் பில்டரில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பனும் இதே குடும்பம்தான். அதில் ஒரு கிராம் எடுத்தால் உள்சுவர்களின் மொத்தப் பரப்பு 1,000 சதுர மீட்டர் அளவுக்கு இருக்கும். பெங்களூரில் எல்லாரும் பேசும் 30-க்கு 40 அடி சைட் (வீட்டு மனை) கணக்கில் சொன்னால் ஒன்பது சைட். அந்தப் பரப்பில் குளோரின், நிறம், வாடை எல்லாம் போய் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீருக்கு அது போதும். வாடைக்குக் காரணமான மூலக்கூறு பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் பிடித்துக்கொண்டால் சரி.

வாயுவைப் பிரிப்பது வேறு வேலை. ஆக்ஸிஜனைப் பிடிக்கிற கரி நைட்ரஜனையும் பிடித்தால் அதனால் நமக்குப் பயனில்லை. சாதாரண ஆக்டிவேட்டட் கார்பன் அப்படித்தான் செய்யும். பரப்பு எத்தனை ஆயிரம் சதுர மீட்டர் இருந்தாலும் அது இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் உள்ளே எடுத்துக்கொள்ளும். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பரப்பைப் பார்த்தே மயங்குகிறார்கள். முக்கியமானது துளையின் வாசல்.

0.018 நானோமீட்டர்

மூலக்கூறுகளுக்குக் கோலிக்குண்டு மாதிரி கெட்டியான விளிம்பு கிடையாது. ஆனாலும் ஒன்றோடொன்று மோதும் விதத்தை வைத்து ஒரு விட்டம் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். ஹைட்ரஜனுக்கு 0.289 நானோமீட்டர், கார்பன் டை ஆக்ஸைடுக்கு 0.33, ஆர்கானுக்கு 0.34, ஆக்ஸிஜனுக்கு 0.346, நைட்ரஜனுக்கு 0.364, மீத்தேனுக்கு 0.38.

ஆக்ஸிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 0.018 நானோமீட்டர். ஒரு அணுவின் அகலத்தில் சின்னப் பங்கு. இவ்வளவு துல்லியமாக ஓட்டை போட்டு ஒன்றை விட்டு மற்றதைத் தடுக்கும் கரியை யாரும் செய்துவிடவில்லை. நல்ல சிஎம்எஸ்ஸிலும் நைட்ரஜன் உள்ளே போகத்தான் செய்கிறது. மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான். வாசல் 0.35 நானோமீட்டர் பக்கம் இருக்கும்போது ஆக்ஸிஜன் சட்டென்று நுழைந்துவிடும், நைட்ரஜன் திணறித் திணறி நுழையும். நல்ல ரகத்தில் ஆக்ஸிஜனின் வேகம் நைட்ரஜனைப் போல் இருபது, முப்பது மடங்கு இருக்கும்.

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் கதவைத் திறக்கும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நிமிஷத்தில் இலை பிடித்து உட்கார்ந்திருப்பது யார்? இளவட்டங்களும் சின்னப் பிள்ளைகளும். முழங்கால் வலியோடு வரும் பெரியவர்கள் இன்னும் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அந்த நிமிஷமே கதவைச் சாத்தினால் கூட்டம் தானாகப் பிரிந்துவிடும். கால் மணி நேரம் கழித்துச் சாத்தினால் எல்லாரும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள்.

டவர் நிமிஷத்துக்கு ஒரு தடவை மூச்சு விடுவதன் காரணம் இதுதான். கம்ப்ரஸர் காற்றை 7 அல்லது 8 பார் அழுத்தத்தில் முதல் டவருக்குள் அனுப்புகிறது. ஆக்ஸிஜன் கரிக்குள் ஓடிப் புகுந்துகொள்கிறது. புகாத நைட்ரஜன் மேல்பக்கமாக வெளியேறி சேமிப்புத் தொட்டிக்குப் போகிறது. ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில், நைட்ரஜனும் உள்ளே நுழையத் தொடங்குவதற்குள், வால்வு மாறுகிறது. முதல் டவரின் அழுத்தத்தில் ஒரு பங்கு இரண்டாவது டவருக்குப் போகிறது. மீதி வெளிக்காற்றில் திறந்துவிடப்படுகிறது. அழுத்தம் இறங்கியதும் கரி தான் பிடித்த ஆக்ஸிஜனை விட்டுவிடுகிறது. நாம் கேட்கும் 'புஸ்ஸ்' அதுதான். கரி தீர்ந்துபோவதில்லை, அடுத்த நிமிஷம் மறுபடி தயார். அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பிரிக்கும் இந்த முறைக்கு பிஎஸ்ஏ என்று பெயர். சார்லஸ் ஸ்கார்ஸ்ட்ராம் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதற்கு 1960-இல் காப்புரிமை பெற்றார்.

இதில் ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரியாது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்ஸிஜன், அதுபோக 1 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான். விட்டக் கணக்கில் ஆக்ஸிஜனைவிடச் சிறியதாகத் தெரிந்தாலும், ஆர்கானும் கரிக்குள் மெதுவாகத்தான் போகும் என்பதால் பெரும்பகுதி நைட்ரஜனோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும். பிளான்டின் பலகையில் 99.99 என்று காட்டினால், மிச்சம் இருக்கும் ஆக்ஸிஜன் 0.01 என்று பொருள். ஆர்கானை நைட்ரஜன் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். லேசருக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

அதேபோல் பியூரிட்டியை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. 95 சதவீதத்துக்கு ஓடும் அதே டவரிலிருந்து 99.999 கேட்டால், கிடைக்கும் நைட்ரஜனின் அளவு பல மடங்கு குறைந்துவிடும், கம்ப்ரஸர் கரண்ட் மட்டும் குறையாது. வேலைக்கு எவ்வளவு பியூரிட்டி போதும் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

டவரைத் திறந்தால்

பீன்யாவில் ஒரு ஷாப்பில் டவரின் மேல்மூடியைக் கழற்றியிருந்தபோது எட்டிப் பார்த்தேன். கழுத்துவரை கருப்புக் குச்சிகள். ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன், அரை சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம். கையில் எடுத்தால் கனமே இல்லை. விரலில் லேசாகக் கருப்பு ஒட்டும், நகத்தால் அழுத்தினால் உடையாது. மேலே தென்னைநார் மெத்தை ஒன்றைச் சுருட்டி அமுக்கி வைத்திருந்தார்கள். குச்சிகள் ஆடாமல் இருக்க அது. நிமிஷத்துக்கு நிமிஷம் அழுத்தம் ஏறி இறங்கும்போது குச்சிகள் ஒன்றோடொன்று உரசினால் பொடியாகும், பொடி சைலன்ஸர் வழியாகக் கருப்பாக வெளியே வரும். சைலன்ஸரைச் சுற்றிச் சுவர் கருத்திருந்தால் உள்ளே கரி தேய்கிறது என்று அர்த்தம்.

"சார், இது கரிதானே, பத்த வச்சா எரியுமா?" என்று கேட்டான் அங்கே வேலை பார்த்த தம்பி.

"எரியும்ப்பா. கார்பன்தானே."

"அப்போ உள்ள ஏன் எரிய மாட்டேங்குது?"

நல்ல கேள்வி. டவருக்குள் அறை வெப்பநிலை, தீப்பொறி எதுவும் இல்லை, பெரும்பங்கு நைட்ரஜன். அதனால் பயமில்லை. ஆனால் அந்தச் சைலன்ஸர் வழியாக வெளியேறும் காற்றில் ஆக்ஸிஜன் வழக்கத்தைவிட அதிகம். அதன் பக்கத்தில் வெல்டிங் வைக்கவோ பீடி பற்ற வைக்கவோ கூடாது. இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. நைட்ரஜன் பைப் மூடிய அறைக்குள் கசிந்தால் வாடை வராது, கண் எரியாது, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் ஆள் மயங்கிச் சாய்ந்துவிடுவார். அறைக்குக் காற்றோட்டமும், சுவரில் ஒரு ஆக்ஸிஜன் அலாரமும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கரியைக் கெடுப்பது முக்கியமாக இரண்டு பொருள்கள்: கம்ப்ரஸர் எண்ணெயும் ஈரமும். 0.35 நானோமீட்டர் வாசலில் எண்ணெய் ஆவி போய் உட்கார்ந்தால் கதவு அடைத்ததுதான். அழுத்தத்தை இறக்கினாலும் அது கிளம்பாது. பில்டரையும் டிரையரையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அதே கரி பத்து வருஷம் வரைகூட உழைக்கும்.

நிலக்கரிக்குள் ஏற்கெனவே இருக்கும் சல்லடை

இதற்கு ஏன் நிலக்கரி? ஏனென்றால் நிலக்கரிக்குள் இந்தச் சின்னத் துளைகள் இயற்கையிலேயே இருக்கின்றன. அதைத் தெளிவாகக் காட்டியவர், டிஎன்ஏ ஆராய்ச்சியால் உலகம் அறிந்த ரோசலிண்ட் பிராங்க்ளின். அவர் 1942-இல் பிரிட்டனின் நிலக்கரிப் பயன்பாட்டு ஆராய்ச்சிக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். வெவ்வேறு சுரங்க நிலக்கரிகளை எடுத்து, ஒவ்வொன்றின் அடர்த்தியையும் ஹீலியம், மெத்தனால், ஹெக்ஸேன், பென்சீன் என்று பல பொருள்களுக்குள் வைத்து அளந்தார்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரே நிலக்கரிக்கு ஒரே அடர்த்திதானே வர வேண்டும்? வரவில்லை. ஹீலியம் ரொம்பச் சிறியது, எல்லாத் துளைக்குள்ளும் புகுந்துவிடும். பென்சீன் பெரியது, பல துளைகளுக்குள் போக முடியாமல் வெளியே நின்றுவிடும். போக முடியாத துளையும் கரியின் கொள்ளளவில் சேர்ந்துவிடுவதால் அடர்த்தி குறைவாகத் தெரியும். ஆக, நிலக்கரி மூலக்கூறுகளை அவற்றின் அளவு பார்த்து உள்ளே விடுகிறது. அதைச் சூடாக்கிக் கரியாக்கினால் இந்தக் குணம் எப்படி மாறுகிறது என்பதையும் தொடர்ந்து அளந்தார். 1945-இல் அவருக்கு முனைவர் பட்டம் வாங்கித் தந்ததும் நிலக்கரி ஆராய்ச்சிதான். அப்புறம் பாரிஸுக்குப் போய், எந்தக் கார்பன் சூடேற்றினால் கிராஃபைட்டாக மாறும், எது மாறாது என்று 1951-இல் பிரித்துக் காட்டினார். மாறாத வகையில் சின்னச் சின்ன அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து கிடப்பதால் நடுவே இடைவெளி அப்படியே நிற்கும். டிஎன்ஏ கதையில் மட்டும் அவரை நிறுத்திவிடுவது அவருக்குச் செய்யும் குறை. கார்பன் துறையில் இருக்கும் எங்களுக்கு அவர் இந்தத் துறையின் ஆசான்.

அந்த அறிவைத் தொழிலாக மாற்றியது ஜெர்மனி. எஸ்ஸென் நகரில் இருந்த பெர்க்பௌ ஃபோர்ஷுங் என்ற நிலக்கரி ஆய்வு நிறுவனம் 1970-களில் நிலக்கரியிலிருந்து சிஎம்எஸ் செய்து, காற்றிலிருந்து நைட்ரஜன் எடுத்துக் காட்டியது. அதற்கு முன்பு நைட்ரஜன் வேண்டுமென்றால் காற்றை மைனஸ் 196 டிகிரி பக்கம் குளிரவைத்துத் திரவமாக்க வேண்டும். அது பெரிய ஆலைகளுக்குத்தான் கட்டுப்படியாகும். ஒரு சின்னப் பட்டறை தன் சுவருக்குள்ளேயே நைட்ரஜன் எடுத்துக்கொள்ள வழி திறந்தது இந்தக் கரிதான்.

செய்முறை

இனி செய்யும் விதத்துக்கு வருவோம். படிப்படியாகச் சொல்கிறேன், சில படிகளில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நிலக்கரியை முகத்துக்குப் போடும் பவுடர் பதத்துக்கு அரைக்க வேண்டும். துகள் பெரிதாக இருந்தால் அடுத்த படியில் காற்று அதன் நடுவரை போய்ச் சேராது.

அடுத்தது, அரைத்த தூளைக் காற்றில் 200 டிகிரி செல்சியஸ் பக்கம் சில மணி நேரம் வறுப்பது. பலர் இதைச் சாதாரணப் படி என்று தாண்டிவிடுவார்கள். பிட்டுமினஸ் வகை நிலக்கரியை நேராகச் சூடேற்றினால் 350, 400 டிகிரியில் இளகி, பொங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இரும்பு ஆலைக்குக் கோக் தயாரிக்க அந்தக் குணம்தான் வேண்டும். நமக்கோ அது பெரிய தொல்லை. இளகும்போது நுண்துளைகள் எல்லாம் மூடிக்கொள்ளும். முன்னாடியே மெல்லிய சூட்டில் காற்றைக் காட்டினால், ஆக்ஸிஜன் போய் நிலக்கரியின் சங்கிலிகளுக்கு நடுவே குறுக்குக் கட்டுப் போட்டுவிடுகிறது. அப்புறம் எவ்வளவு சூடாக்கினாலும் இளகாது. பிராங்க்ளின் சொன்ன 'கிராஃபைட் ஆகாத' வகையின் பக்கம் நாமே நிலக்கரியைத் திருப்பிவிடுகிறோம். இந்த வறுப்பில் சூடு தானாக ஏறும் அபாயம் உண்டு. நிலக்கரித் தூள் காற்றோடு வினைபுரிந்தால் வெப்பம் வெளியாகும், கவனிக்காமல் விட்டால் தீப்பிடிக்கும். ஆந்த்ரசைட் போன்ற முதிர்ந்த நிலக்கரி இளகாது என்பதால் அதற்கு இந்த வேலை பெரும்பாலும் தேவைப்படாது.

வறுத்த தூளோடு தார் அல்லது பிட்ச் போன்ற பிணைப்பானும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, சின்ன ஓட்டைகள் உள்ள அச்சு வழியாக அழுத்தித் தள்ளினால் நீளமான கம்பிகளாக வரும். வெட்டிக் காயவைத்தால் நாம் டவரில் பார்த்த குச்சிகள். பிணைப்பான் குறைந்தால் குச்சி பொடிந்துவிடும், கூடினால் துளைகளை அடைத்துவிடும்.

பிறகு கார்பனாக்கம். குச்சிகளை ஆக்ஸிஜன் இல்லாத உலையில், நைட்ரஜன் ஓட்டத்தில், மெதுவாக 700 முதல் 900 டிகிரி வரை சூடேற்றுவார்கள். தார், மீத்தேன், ஹைட்ரஜன், கார்பன் மோனாக்ஸைடு என்று ஆவியாகக்கூடியதெல்லாம் கிளம்பிப் போகும். அவை விட்டுப்போன இடங்களும், ஒழுங்கில்லாமல் சேர்ந்த கார்பன் அடுக்குகளின் இடைவெளிகளும்தான் துளைகள். சூட்டை ஏற்றும் வேகம் ரொம்ப முக்கியம். அவசரப்பட்டு ஏற்றினால் உள்ளே உண்டான வாயு வழி இல்லாமல் குச்சியை வெடிக்க வைத்து, அகலமான விரிசல்களை உண்டாக்கிவிடும். அளவுக்கு மேல் ஏற்றினால், 1,000 டிகிரியைத் தாண்டும்போது, கார்பன் அடுக்குகள் நெருங்கி வாசல்கள் மூடத் தொடங்கும். உள்ளே அறை இருக்கும், போக வழி இருக்காது.

இந்த நிலையில் கரிக்குள் துளைகள் இருக்கும், ஆனால் பல வாசல்கள் ரொம்பக் குறுகலாகவோ தார் படிந்தோ இருக்கும். அதனால் 800 டிகிரிக்கு மேலே கொஞ்ச நேரம் நீராவி காட்டுவார்கள். சூடான கார்பனோடு நீராவி வினைபுரிந்தால் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜனும் உண்டாகும். அதாவது சுவரிலிருந்து கார்பனைச் சுரண்டி வாயுவாக எடுத்துப் போகிறோம். நீராவிக்குப் பதில் கார்பன் டை ஆக்ஸைடையும் பயன்படுத்தலாம், அது இன்னும் மெதுவாகச் சுரண்டும். வாட்டர் பில்டர் கரி செய்கிறவர்கள் இந்தப் படியில் பாதிக் கார்பன் கரையும்வரைகூட விடுவார்கள், அவர்களுக்குப் பரப்பு வேண்டும். சிஎம்எஸ்ஸுக்கு லேசான தொடுதல் போதும்.

கடைசிப் படியில்தான் சல்லடை பிறக்கிறது. இத்தனைக்கும் பிறகு வாசல்கள் ஒரே அளவில் இருக்காது. பெரும்பாலானவை தேவைக்கு மேல் அகலமாக இருக்கும். அவற்றை அளவாகக் குறுக்க வேண்டும். அதற்குச் சூடான கரியின் மேல் பென்சீன் போன்ற ஹைட்ரோகார்பன் ஆவியை நைட்ரஜனில் கலந்து மெல்ல ஓட்டுவார்கள். 700, 800 டிகிரியில் அந்த மூலக்கூறு சிதைந்து தன் கார்பனை அங்கேயே படியவிடும். பென்சீன் குண்டான மூலக்கூறு என்பதால் குறுகின துளைக்குள் ஆழமாகப் போக முடியாமல் வாயிலிலேயே நிற்கும், கார்பனும் வாயிலிலேயே படியும். உள்ளறை காலியாக இருக்கும், கதவு மட்டும் குறுகும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கட்டம் இது. நிறைய இடமுள்ள அறை வேண்டும், ஒடுக்கமான வாசலும் வேண்டும் என்று ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தேவைகளை ஒரே மூலக்கூறின் பருமனை வைத்தே தீர்த்துவிடுகிறார்கள்.

இந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதுதான் கம்பெனிகள் வெளியே சொல்லாத ரகசியம். சீக்கிரம் நிறுத்தினால் நைட்ரஜனும் தாராளமாக உள்ளே போகும், பிரிவு கிடைக்காது. கூடுதலாக விட்டால் ஆக்ஸிஜனுக்கும் கதவு அடைபடும். சரியான நேரம் நிலக்கரிக்கு நிலக்கரி மாறும், ஒரே சுரங்கத்தின் வேறு வேறு மட்டத்துக்குக்கூட மாறும்.

பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடைக் கலந்து சூடேற்றும் இன்னொரு வழியும் உண்டு. ஒரு கிராமுக்கு 2,000, 3,000 சதுர மீட்டர் என்று பரப்பு கிடைக்கும். அழுத்தத்தில் வாயுவை நிறைய அடைத்து வைப்பதற்கு அது நல்லது. காரம் உலையை அரிக்கும், முடிந்தபின் கழுவிக் கழுவி மாளாது, ஆக்ஸிஜன்-நைட்ரஜன் பிரிப்புக்கு வாசலும் அகலம். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அதிகம் பார்ப்பீர்கள், பீன்யாவின் டவருக்குள் பார்க்க மாட்டீர்கள்.

ஆக்ஸிஜன் வேண்டுமென்றால்

நைட்ரஜன் பிளான்டைத் திருப்பி ஓட்டி ஆக்ஸிஜன் எடுக்க முடியாதா என்று கொரோனா உச்சத்தில் இருந்த 2021 ஏப்ரல், மே மாதங்களில் நாடே கேட்டது. கரியை வைத்து மருத்துவமனைக்குத் தேவையான ஆக்ஸிஜன் எடுப்பது கடினம். ஆனால் அதே டவரில் கரிக்குப் பதிலாக ஜியோலைட் என்ற கனிம வகைப் பொருளைப் போட்டால் வேலை நடக்கும். ஜியோலைட் வேகத்தைப் பார்ப்பதில்லை. அதற்குள் இருக்கும் நேர்மின் அயனிகள் நைட்ரஜனை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஆக்ஸிஜன் நழுவி வெளியே வரும். மும்பை ஐஐடி அந்த ஏப்ரலில் ஒரு நைட்ரஜன் பிளான்டை இப்படி மாற்றி 93 முதல் 96 சதவீத ஆக்ஸிஜன் எடுத்துக் காட்டியது. நம் பெங்களூரில் இருக்கும், ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் டெபெல் ஆய்வகம், தேஜஸ் போர்விமானத்தில் விமானி சுவாசிக்க உருவாக்கிய ஆக்ஸிஜன் நுட்பத்தை வைத்து, நிமிஷத்துக்கு 1,000 லிட்டர் தரும் மருத்துவமனை பிளான்டை வடிவமைத்துக் கொடுத்தது. அதைச் செய்து தர அனுமதி பெற்ற கம்பெனிகளில் ஒன்று கோயம்புத்தூரில் இருக்கிறது. இரண்டிலும் டவர் ஒன்றுதான், வால்வும் ஒன்றுதான், உள்ளே கொட்டும் பொருளால்தான் எது வெளியே வரும் என்பது மாறுகிறது.

மற்ற வாயுக்களுக்கும் இதே கணக்கு. சாண எரிவாயுவில் மீத்தேனோடு கலந்திருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை எடுத்துவிட்டு வண்டிக்குப் போடும் எரிபொருளாக்க சிஎம்எஸ் பயன்படுகிறது. 0.33-க்கும் 0.38-க்கும் உள்ள இடைவெளி நமக்குச் சௌகரியமானது. ஹைட்ரஜன் சுத்திகரிப்பு ஆலைகளில் ஆக்டிவேட்டட் கார்பனும் ஜியோலைட்டும் அடுக்கடுக்காக இருக்கும். நிலக்கரிச் சுரங்கத்தில் கசியும் மீத்தேனை நைட்ரஜனிலிருந்து பிரிப்பது கடினமான வேலை. அளவிலும் நெருக்கம், குணத்திலும் நெருக்கம். அந்த மீத்தேன் பெரும்பாலும் வானத்துக்குப் போய்ப் பூமியைச் சூடாக்குகிறது என்பதால், அதற்கு ஒரு நல்ல கரி கிடைக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

நம் நிலக்கரி

இந்தியாவில் நிலக்கரிக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதில் சாம்பல் அதிகம். மின்நிலையங்களுக்குப் போகும் நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம்வரை சாம்பல் இருப்பது சாதாரணம். சாம்பலில் துளை வராது. டவரில் எடையை மட்டும் கூட்டும். அதோடு சாம்பலில் இருக்கும் இரும்பும் கால்சியமும் நீராவி காட்டும்போது தங்களைச் சுற்றியுள்ள கார்பனை வேகமாகக் கரைத்து, அகலமான பள்ளங்களை உண்டாக்கும். கழுவிப் பிரித்துச் சாம்பலைக் குறைக்கலாம், அமிலத்தில் ஊறவைத்து இன்னும் குறைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் செலவு. நெய்வேலி பழுப்பு நிலக்கரியில் சாம்பல் குறைவு, ஆனால் எடையில் பாதிக்குப் பாதி ஈரம். உலர்த்தியபின் இளம் நிலக்கரி என்பதால் கரியாகும்போது நிறைய ஆவியாகப் போய்விடும், கையில் மிஞ்சுவது குறைவு. இதனால்தான் கொட்டாங்கச்சி பக்கம் பலர் போகிறார்கள். சாம்பல் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டாது, இயற்கையிலேயே கெட்டி. காங்கேயம், கோயம்புத்தூர்ப் பக்கம் அதிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் செய்து ஏற்றுமதி செய்கிற ஆலைகள் இருக்கின்றன. வாசலைக் குறுக்கும் அந்தக் கடைசிப் படி அவர்களுக்குக் கைவந்தால் சிஎம்எஸ்ஸும் எட்டாத தூரத்தில் இல்லை.

பொறியியல் கல்லூரியில் இதை புராஜெக்டாக எடுக்க நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான புராஜெக்டுகள் மைனஸ் 196 டிகிரியில் நைட்ரஜனை வைத்து மேற்பரப்பை அளந்து, பெரிய எண் வந்ததும் முடிந்துவிடுகின்றன. அந்தக் குளிரில் நைட்ரஜன் மூலக்கூறு 0.4 நானோமீட்டர் வாசலுக்குள் நுழையவே மணிக்கணக்கில் ஆகும், அதனால் நல்ல சல்லடைக்குப் பரப்பே இல்லை என்று கருவி சொல்லிவிடும். பூஜ்ய டிகிரியில் கார்பன் டை ஆக்ஸைடை வைத்து அளந்தால் உண்மையான நுண்துளை தெரியும். அதன்பிறகு அறை வெப்பநிலையில் ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் தனித்தனியாகக் காட்டி, நொடிக்கு நொடி எவ்வளவு உள்ளே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் அறுபது நொடியில் இரண்டு கோடுகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பாருங்கள். வறுக்கும் நேரத்தையும் பென்சீன் ஓட்டும் நேரத்தையும் மாற்றி மாற்றி, அந்த விலகலை அகலமாக்குவதுதான் வேலை. பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் புகைக்கூண்டு இல்லாத லேபில் அதைத் தொடாதீர்கள், மீத்தேனை வைத்துத் தொடங்குங்கள். அதற்கு 100, 200 டிகிரி கூடுதல் சூடு தேவைப்படும்.